ஜெர்மனிக்கு எந்த விசா? கன்சல்டன்சி சொன்ன மூன்று வழிகளும் நான்காவது வழியும்

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். ஈரோடு பக்கத்தில் சொந்தமாக நாலு தறி வைத்து ஓட்டுகிறேன். எங்க பாப்பா 2024-ல் பி.இ., ஈசிஇ முடிச்சா. சிஜிபிஏ 7.2. மூணு அரியர் இருந்து கிளியர் பண்ணிட்டா. இப்போ கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஐஇஎல்டிஎஸ்-ல் 6.5. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கணும்னு ஒரே பிடிவாதம். கன்சல்டன்சியில் மூணு வழி சொல்றாங்க. ஒண்ணு, பெர்லினில் தனியார் பல்கலைக்கழகம், ரெண்டு வாரத்தில் அட்மிஷன் லெட்டர், ஃபீஸ் பதினொரு லட்சம். ரெண்டு, மொழி படிக்கிற விசாவில் இப்பவே போயிட்டு அங்கே மாத்திக்கலாம். மூணு, புதுசா வந்திருக்கிற ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. பேங்கில் காட்டவேண்டிய பணத்தை அவங்களே போட்டுத் தருவாங்களாம், அதுக்கு அறுபதாயிரம் வட்டி. முன்பணமா இருபத்தஞ்சாயிரம் கட்டிட்டேன். சர்டிபிகேட் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. பையன் ஸ்டேட் போர்டில் பன்னிரண்டாவது எழுதப் போறான். அவனையும் ஒரேயடியா அனுப்பிடலாங்கறாங்க. ஊரில் ஒண்ணரை ஏக்கர் இருக்கு. வித்திடலாமா? எந்த விசா சரி?

பதில்:

அன்புள்ள ஐயா,

இடத்தை விற்காதீர்கள். பையனை இப்போது அனுப்பாதீர்கள். உங்கள் பெண் போகலாம், ஆனால் கன்சல்டன்சி சொன்ன மூன்று வழிகளிலும் வேண்டாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கி, முறையான படிப்பு விசாவில் போவதுதான் அவளுக்குப் பொருந்தும். அதை அவர்கள் உங்களிடம் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் பலவும் தருகின்றன.

'எந்த விசா' என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கடையில் நாலு வகை வைத்து நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. அங்கே போய் என்ன செய்யப் போகிறாள், அதற்குக் கையில் என்ன கடிதம் இருக்கிறது என்பதுதான் விசாவின் வகையை முடிவு செய்கிறது. பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் இருந்தால் படிப்பு விசா. இடம் இன்னும் உறுதியாகவில்லை, நுழைவுத் தேர்வுக்கோ சேர்க்கைக்கோ நேரில் போகவேண்டும் என்றால் படிப்பு விண்ணப்பதாரர் விசா. அது ஒன்பது மாதம் வரைதான், அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும். மொழி மட்டுமே படிக்கப் போகிறவருக்கு மொழிப் படிப்பு விசா. வேலை தேடிப் போகிறவருக்கு ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. நோக்கம் ஒன்றாகவும் விசா வேறாகவும் இருந்தால் அந்த முரண்பாடு விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும்.

மொழி விசாவை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆங்கிலத்தில் எம்.எஸ். படிக்க நினைக்கும் பி.இ. பட்டதாரி, ஜெர்மன் அ, ஆ-வைக் கற்கவே விமானம் ஏறுகிறேன் என்று எழுதினால், சென்னையிலேயே ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கும்போது ஏன் என்ற கேள்வி வரும். அதற்கு அவளிடம் உண்மையான பதில் இல்லை. பின்னால் படிக்கும் எண்ணம் உண்டென்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லி, அதற்குரிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் தூதரகத்தின் நிலை. 'அங்கே மாத்திக்கலாம்' என்ற நம்பிக்கையில் பெண்ணை விமானம் ஏற்றாதீர்கள். நாளைக்கு யாராவது சுற்றுலா விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள். திரும்பி வந்து முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

ஆப்பர்ச்சூனிட்டி கார்டு 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டம், அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து, குறைந்தது ஆறு புள்ளி இருந்தால் ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேட விடுகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது படிப்புக்கானது அல்ல. ஜெர்மன் மொழி தெரியாமல், ஒன்றிரண்டு வருட டெஸ்டிங் அனுபவத்தோடு போனால் அந்த ஒரு வருடம் சேமிப்பைக் கரைப்பதில்தான் போகும். படித்து முடித்த பிறகோ வேறு கதை. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவருக்கு வேலை தேடவே பதினெட்டு மாதம் வரை தங்கும் அனுமதி சட்டத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கார்டை இப்போது ஏன் எடுக்க வேண்டும்?

பெர்லின் தனியார் பல்கலைக்கழகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. தனியார் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற நல்ல தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. படிப்பு விசா என்பது வகுப்பில் நேரில் உட்கார்ந்து படிக்கும் முழுநேரப் படிப்புக்கானது. 2025-ல் பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்கள் பலர் திடீரென்று சிக்கலில் மாட்டினார்கள். அவர்களுடைய படிப்பு பெரும்பாலும் இணையவழியில் நடக்கிறது, அதற்கு நாட்டில் தங்கவேண்டிய அவசியமே இல்லை என்று அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம் கருதியது. வெளியேறும்படி கடிதம் வந்தது. கல்விக் கடன் வாங்கி, ஃபீஸ் கட்டி, விசாவும் முறையாகப் பெற்றுப் போன பிள்ளைகள் அவர்கள். ஆகவே எந்தத் தனியார் நிறுவனமாக இருந்தாலும், 'இந்தப் படிப்பு முழுவதும் நேரடி வகுப்பு' என்பதை அவர்கள் கையால் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது. இரண்டு வாரத்தில் சேர்க்கைக் கடிதம் கிடைப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணையும் பாடத்திட்டத்தையும் அலசி முடிவு சொல்ல மாதங்கள் ஆகும்.

இனி உங்கள் பெண்ணுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று பார்ப்போம். நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை. நம் உச்சம் 10, தேர்ச்சி எல்லை 5 என்று வைத்துக்கொண்டால், 10-லிருந்து 7.2-ஐக் கழித்தால் 2.8. அதை மூன்றால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 1.68. ஒன்றைக் கூட்டினால் 2.68. அதாவது ஏறக்குறைய 2.7. '2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண்' என்று வரம்பு வைத்திருக்கும் இடங்களில் விண்ணப்பக் கட்டணம்தான் வீண். ஆனால் 3.0 வரை பார்க்கும் இடங்களும், மதிப்பெண்ணோடு வேலை அனுபவத்தையும் பாடப் பொருத்தத்தையும் சேர்த்து எடைபோடும் இடங்களும் இருக்கின்றன. பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் என்று ஒரு வகை உண்டு. செய்முறைக்கும் தொழிற்சாலைப் பயிற்சிக்கும் முக்கியத்துவம் தருபவை. கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணுக்கு அவை நன்றாகவே பொருந்தும். கிளியர் செய்துவிட்ட அரியர்களை நினைத்து அவள் கலங்கவேண்டாம். மறைக்கவும் வேண்டாம்.

மதிப்பெண்ணைவிட அதிகம் கவனிக்கவேண்டியது பாடப் பொருத்தம். ஜெர்மனியில் எம்.எஸ். இடம் தரும்போது இளநிலையில் எந்தெந்தப் பாடம் எத்தனை கிரெடிட் படித்தாய் என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். ஈசிஇ படித்துவிட்டு டேட்டா சயின்ஸ், மேனேஜ்மெண்ட் என்று விண்ணப்பித்தால் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம். எம்பெடட் சிஸ்டம்ஸ், கம்யூனிகேஷன், சிக்னல் பிராசசிங் போன்றவற்றில் அவள் பக்கம் பலம் இருக்கிறது. கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ், இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் சிக்னல் பிராசசிங் என்று ஆங்கிலவழிப் படிப்புகள் இருக்கின்றன. முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதி ஊர்கள் இவை. மியூனிக்கில் ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகை இங்கே இல்லை. நான் இவற்றைச் சொல்வது உதாரணத்துக்கு. டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகள் பலவும் கட்டணத்தோடும் கடைசித் தேதியோடும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். தானே தேடிய பிள்ளைக்கு, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று விசா அதிகாரி கேட்டால் பதில் தானாக வரும்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஃபீஸே கிடையாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று ஊரைப் பொறுத்து 150 முதல் 400 யூரோ வரை வாங்குவார்கள், பல இடங்களில் பஸ், ரயில் பயணமும் அதில் அடங்கும். விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே எல்லாம் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எம்.எஸ். படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. எனவே ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையை ஏபிஎஸ் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் அமைப்பு சரிபார்த்துத் தருவது அது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இது இல்லாமல் படிப்பு விசா விண்ணப்பம் நகராது, பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. பிறகு விண்ணப்பங்கள். சில இடங்களுக்கு நேரடியாக, சில இடங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக. யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. ஆனால் ஆங்கிலவழி எம்.எஸ். படிப்புகள் பல மார்ச் முதல் மே மாதத்துக்குள் முடித்துவிடுகின்றன. விசாவுக்கு நேரம் வேண்டும் என்பதால் சீக்கிரம் முடிவு சொல்லும் இடங்களாகப் பார்ப்பது நல்லது.

பணத்துக்கு வருவோம். பேங்கில் காட்டவேண்டிய பணம் என்று அவர்கள் சொன்னது பிளாக்டு அக்கவுண்ட்டில் போடும் பணத்தை; உங்கள் பெண் ஒரு வருடம் சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழப் போதுமான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு அது. 2024 செப்டம்பரிலிருந்து தொகை 11,904 யூரோ. ரூபாயில் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்கு வரும். கட்டுவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தைத்தான் கன்சல்டன்சி 'போட்டுத் தருகிறேன்' என்கிறது. அதன் பிறகு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். விசா வந்துவிடும், பெண் போய் இறங்கிவிடுவாள். மாதா மாதம் அவள் கணக்கில் விழும் 992 யூரோ அவளுடையது அல்ல, இங்கே திருப்பி அனுப்ப வேண்டும். மாதம் பிறந்தால் அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு மூன்றும் கையை நீட்டும். முதல் செமஸ்டரில் மொழியும் தெரியாது, வேலையும் உடனே கிடைக்காது. அந்த நிலையில் சிக்கிய பிள்ளைகள் கிடங்கில் இரவு ஷிப்ட் போய்விட்டுக் காலை வகுப்பில் தூங்கி, பாடத்தில் தோற்று, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது படிப்பில் முன்னேற்றம் எங்கே என்ற கேள்விக்கு முன்னால் நிற்கிறார்கள். அறுபதாயிரம் வட்டி போனால் போகட்டும் என்று விடலாம். பெண்ணின் முதல் வருடத்தை அப்படி விட முடியாது. தவிர, இருப்பதாகக் காட்டும் பணம் உண்மையில் அவளுக்கு இல்லை என்றால் அது தூதரகத்துக்குத் தெரிந்தே கொடுக்கும் பொய்த் தகவல். விசா மறுக்கவும், கொடுத்த பின் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

வங்கியில் கல்விக் கடன் வாங்கி அந்தக் கணக்கில் போடுவது முழுக்கச் சரியானது. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். அங்கேதான் உங்கள் ஒன்றரை ஏக்கர் பயன்படும். விவசாய நிலத்தை ஈடாக எடுக்கச் சில வங்கிகள் தயங்கும், அப்போது வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். உங்களுக்குத் தறிக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே மேனேஜரைப் போய்ப் பாருங்கள். ஈடு வைத்த நிலம் படிப்பு முடிந்து அவள் சம்பாதித்ததும் திரும்ப உங்களிடம் வரும், விற்ற நிலம் வராது. இன்னொரு லாபமும் உண்டு. வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிக்கும், ஆனால் வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அந்தப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணத்தில் பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் வருடச் செலவைத் திட்டமிடாதீர்கள். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. இரண்டாம் வருடச் செலவுக்கு இது பெரிய கை கொடுக்கும். தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடியும் காட்டவேண்டும் என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். அதற்கு வேலைச் சம்பளத்தையும் காட்டலாம். மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். அந்த 992 யூரோவிலேயே இதுவும் அடங்க வேண்டும்.

விசா விண்ணப்பம் பற்றி முக்கியமான ஒரு மாற்றம். முன்பெல்லாம் மறுத்துவிட்டால், 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று தூதரகத்துக்கே கடிதம் எழுத வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை உலகம் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். விட்ட குறையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி போய்விட்டது. அதனால் முதல் விண்ணப்பத்தையே ஒரு குறையும் இல்லாமல் கொடுக்க வேண்டும். உங்கள் பெண்ணின் நோக்கக் கடிதத்தை அவளே எழுதட்டும். கன்சல்டன்சிகள் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்குக் கொடுக்கிறார்கள். ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் அதிகாரிக்கு அது புரியாமல் இருக்காது. டெஸ்டிங் வேலையில் அவள் எந்தக் கருவியை, எந்த போர்டைச் சோதித்தாள், அதில் எது புரியாமல் போனதால் மேலே படிக்க நினைத்தாள் என்று நாலு வரி உண்மையாக எழுதினால் அது வேறு யாருடைய கடிதம் போலவும் இருக்காது.

இன்றைக்கே ஜெர்மன் ஏ1, அதாவது தொடக்க நிலை வகுப்பில் சேரச் சொல்லுங்கள். ஆங்கிலவழிப் படிப்புக்குப் பலர் அதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் எம்பெடட் துறையில் வேலை தேடும்போது நடுத்தரக் கம்பெனிகள் பி1, பி2 என்ற இடைநிலை ஜெர்மனை எதிர்பார்க்கின்றன. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் படிப்புச் சுமையில் கற்காமலே முடித்துவிடுகிறார்கள்.

பையன் விஷயம். ஸ்டேட் போர்டு பன்னிரண்டாவது மட்டும் முடித்தவருக்கு ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலையில் நேரடி இடம் இல்லை. ஸ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருட முன்தயாரிப்பைப் படித்துத் தேர்வெழுத வேண்டும், அதில் நுழையவே நல்ல ஜெர்மன் வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் பொறியியல், இயற்கை அறிவியல் படிப்புகளுக்குச் சலுகை உண்டு. மூன்றாவது வழி, இங்கேயே ஒரு வருடக் கல்லூரிப் படிப்பை முழுதாகத் தேறிவிட்டு, அதே துறையில் விண்ணப்பிப்பது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அந்த வருடத்தில் அவன் ஜெர்மன் படிக்கலாம். போகத்தான் வேண்டுமா என்று அவனுக்கே தெளிவும் வரும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வருடத்தில் 24 லட்சம் புரட்டும் நெருக்கடியும் உங்களுக்கு இருக்காது.

கடைசியாக, ஆனால் இந்த வாரமே செய்யவேண்டியது. கன்சல்டன்சியிடம் இருக்கும் அசல் சான்றிதழ்களை நேரில் போய் வாங்கிவிடுங்கள். அசலை வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஸ்கேன் செய்த நகல் போதும். கட்டிய இருபத்தைந்தாயிரத்துக்கு ரசீது இருக்கிறதா, திருப்பித் தருவது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொடுக்க மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அந்தப் பணத்துக்காக மேலும் பணம் கட்டாதீர்கள். அதோடு உங்கள் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். அவள் பெயரில் கன்சல்டன்சிக்காரர்களே ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்திருக்கிறார்களா, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று. பல பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கடிதங்கள் கண்ணில் படுவதே இல்லை, எல்லாம் அந்த முகவரிக்குப் போய்விடுகின்றன. எந்த இடங்களுக்கு அவள் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறார்கள், என்ன ஆவணம் கொடுத்திருக்கிறார்கள் என்று முழுப் பட்டியல் வாங்கி, அந்த பாஸ்வேர்டை மாற்றி, இனி எல்லாம் அவளுடைய சொந்த முகவரியில் நடக்கட்டும். அவர்கள் கொடுத்த ஆவணங்களில் அவளுடையது அல்லாத அனுபவச் சான்றோ மாற்றிய மதிப்பெண் பட்டியலோ இருந்தால், ஏபிஎஸ் விண்ணப்பம் போடும் முன் எனக்கு எழுதுங்கள்.